மாரிகுப்பத்துக்கு வந்த ஜெர்மன் பிரபு

கோலார் தங்கவயலுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் என்னிடம் திடீரென்று மரியாதையாகப் பேசத் தொடங்கினார்கள். கோணிப்பையோடு போய்த் தங்கத்தை அள்ளிக்கொண்டு வரப்போகிறேன் என்று நினைப்பு. நான் எடுத்துப்போனது வெள்ளைத் துணியில் படம் விழச்செய்யும் ஒரு படப்பெட்டி, அதற்குள் வைக்க ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, கண்ணாடித் தகட்டில் வர்ணம் தீட்டிய இருபத்துநான்கு படங்கள். படங்களில் இருந்தவர் செத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான ஒரு ஜெர்மன் பிரபு.

நான் தரங்கம்பாடிப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். இந்தியாவுக்கு வரவிருந்த ஜெர்மன் பாதிரிகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க என்னை ஜெர்மனிக்கு அழைத்துப்போய் இரண்டு வருஷம் வைத்திருந்தார்கள். அவர்கள் தமிழ் கற்றார்களோ இல்லையோ, நான் ஜெர்மன் கற்றேன். நான் தங்கியிருந்த குளிர் பிடித்த மலையூர்தான் அந்தப் பிரபுவின் தலைநகர். அவருக்கு ஐந்து பெயர், கடைசியில் ஒரு எண். அவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும் என்பதால் நான் வெறுமனே 'பிரபு' என்றே சொல்லி வந்தேன்.

மாரிகுப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுரங்கக் கம்பெனி. அதன் பெயர் வேண்டாம். இப்போது அது இல்லை. அவர்களிடம் சும்மா கிடந்த ஒரு தகரக் கொட்டகையைப் பள்ளிக்கூடத்துக்காக எங்கள் மிஷன் கேட்டிருந்தது. மேனேஜர் துரை தருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எங்கள் பிரபுவின் பணமெல்லாம் வெள்ளிச் சுரங்கத்திலிருந்து வந்தது. ஆகவே சுரங்கக்காரர்களைப் பிள்ளைகளாகப் பாவித்த பக்தியுள்ள ஒரு பிரபுவின் கதையைத் துரையையும் ஜனங்களையும் ஒன்றாக உட்காரவைத்துக் காட்டிவிட்டால் துரை மனம் குளிர்ந்து கொட்டகையைக் கொடுத்துவிடுவார் என்று எங்கள் பெரிய பாதிரியார் கணக்குப் போட்டார். கணக்கு சரியாகத்தான் வந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

கடலோரத்து ஆளான எனக்கு மைசூர் ராஜ்யமும் சீமை மாதிரிதான். பங்காருபேட்டையில் இறங்கியதும் பிளேக் பரிசோதனை. எங்களை வரிசையாக நிறுத்தி டாக்டர் அக்குளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஐரோப்பாவில் இருந்தவன் என்பதை அவருக்கு உணர்த்த ஜெர்மனில் இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் ஆங்கிலேயர். என் பாஷையைக் கேட்டு ஜன்னி கண்டுவிட்டது என்று நினைத்து நாக்கை நீட்டச் சொன்னார். அதற்குள் கான்ஸ்டபிள் படப்பெட்டியைத் திறந்து கவிழ்த்துவிட்டான். பிரபு பாரீஸ் நகரத்து நாடக சாலையில் உட்கார்ந்திருக்கும் படம் மூன்று துண்டாயிற்று. அது ஒன்றுதான் போயிற்று என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

மாரிகுப்பம் போகும் கிளை ரயிலில் பக்கத்தில் ஒரு அம்மாள் மூன்று கோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா சாமி, பொட்டில இன்னா கீது?"

"ஒரு ராஜா இருக்கார்."

"உசுரோடவா?"

"செத்துப் போயிட்டார்."

அவள் கோழிகளை இழுத்துக்கொண்டு எதிர் மூலைக்குப் போய்விட்டாள். பிளேக் காலத்தில் செய்யக்கூடாத வேடிக்கை. மீதி வழி முழுவதும் எனக்கு ஒரு பெஞ்சு தனியாகக் கிடைத்தது.

மாரிகுப்பத்தில் ஆசீர்வாதம் வீட்டில் தங்கினேன். வீடு என்றால் மூங்கில் தட்டிச் சுவர், மேலே கோணியும் தகரமும். அதே மாதிரி வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில். ஆசீர்வாதம் அந்த ஊர்ச் சபையின் மூப்பர். வேலை, சுரங்கத்துக்குள் பாறை இறங்காமல் மரம் முட்டுக் கொடுப்பது. பூர்வீகம் வேலூர்ப் பக்கம். வாட்டசாட்டமான மனுஷன், ஆனால் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வார். முதலில் கோபக்காரர் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, தங்கக்கல்லை இடிக்கும் ஸ்டாம்ப் மில் இராப்பகல் ஓயாமல் இடித்துக்கொண்டே இருப்பதால் அந்த ஊரில் எல்லாருமே அப்படித்தான் பேசுகிறார்கள். இரண்டாம் நாள் நானும் கத்த ஆரம்பித்துவிட்டேன்.

சாப்பாடு கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். நான் சோறும் மீனும் தின்று வளர்ந்தவன். களியை வாயில் போட்டு மரியாதையாக மென்றுகொண்டிருந்தேன்.

"மெல்லாதீங்க வாத்தியாரே," என்றார் ஆசீர்வாதத்தின் சம்சாரம். "மென்னுகினே இருந்தா நாளைக்குத்தான் முடியும். அப்டியே முழுங்குங்க."

ஜெர்மனியில் கறுப்பு ரொட்டியை ஊறவைத்து ஊறவைத்துத் தின்ற இரண்டு வருஷம் ஞாபகம் வந்தது. அதற்கு இது எவ்வளவோ மேல். குழம்பு இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் என்னைத் தேடி வந்தார்கள். அவள் பெயர் ஞானம்மாள், முப்பது வயதுக்குள் இருக்கும். கூட வந்தவன் கணவனின் தம்பி தானியேல். வெயிலில் கம்பளி போர்த்தி நடுங்கிக்கொண்டு நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவர்கள் சொன்னதையும் இடையிடையே ஆசீர்வாதம் விளக்கியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் போட்ட ஒரு பித்தளைப் பில்லை உண்டு. இறங்கும் முன் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாசலில் பில்லையைக் கொடுத்துவிட்டுத்தான் கேஜ் என்கிற இரும்புக் கூண்டுக்குள் ஏறவேண்டும். பில்லை பலகையில் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். மேலே வந்ததும் வாங்கிக்கொள்வான். மூன்று வாரத்துக்கு முன் தானியேலுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் வராவிட்டால் அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஆகவே அண்ணன் சாலமோன் தன் ஷிஃப்டை முடித்து வந்தவன், தம்பியின் பில்லையை வாங்கிக்கொண்டு மறுபடியும் இறங்கியிருக்கிறான். அங்கே அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். மேஸ்திரிக்கும் தெரியும்.

அன்றைக்கு அவன் வேலை செய்த லெவலில், அதாவது அந்த ஆழத்துச் சுரங்கப்பாதையில், பாறை வெடித்தது. பாறை தானாகவே பீரங்கிச் சத்தத்தோடு வெடித்துச் சிதறும். அதை அவர்கள் ஏர் பிளாஸ்ட் என்கிறார்கள். ஓடியவர்கள் ஓடிவந்தார்கள். பின்னால் வழி அடைபட்டுவிட்டது. மேலே பில்லைகளை எண்ணினால் தானியேலின் பில்லை மட்டும் பலகையில் தொங்குகிறது. வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். தானியேல் பாயில் படுத்திருந்தான். ஆள் வீட்டில் இருக்கிறான், அப்படியானால் கீழே யாருமில்லை என்று பில்லையைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள். சாலமோனின் பில்லையோ அவன் வீட்டு ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் வேலைக்கு வராததால் அவனைச் சொல்லாமல் ஓடிப்போனவன் என்று எழுதிப் பேரை அடித்துவிட்டார்கள்.

"ஓடிப்பூட்டாராம்," என்றாள் ஞானம்மாள். "புள்ளைங்களப் பாத்து ஜனங்க கேக்குது, உங்கப்பன் எவகூடப் போனான்னு. அவரு உள்ளதான் கீறாரு வாத்தியாரய்யா. அந்த லெவலத் தொறந்து எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. எலும்பா இருந்தாலும் சரி. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

"துரைகிட்ட சொல்லலையா?"

"மேஸ்திரிதான் துரைக்கு எங்க பேச்ச எடுத்துச் சொல்றவரு. அவரு இன்னா சொல்றாரோ, துரை சிரிச்சிட்டுப் போயிடறாரு."

தானியேல் அப்போதுதான் வாயைத் திறந்தான். "நாந்தான் பில்லையக் குடுத்தேன்னு சொல்லுங்கய்யா. வேலய உட்டுத் தள்ளட்டும், ஜெயில்ல போடட்டும். எங்கண்ணன எடுத்தாப் போதும்."

"உங்களுக்கு இங்கிலீசு வரும். நேரா சொல்லிடலாம்," என்றார் ஆசீர்வாதம்.

சொல்கிறேன் என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

அவர்கள் போனபிறகு மறுநாள் கூட்டத்துக்காகப் படங்களைத் துடைத்து அடுக்கினேன். பத்தொன்பதாவது படம் கைக்கு வந்தபோது துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்தப் படத்தைப் பற்றி இரண்டு கதை எனக்குத் தெரியும். ஒன்று, பிரபு செத்தபோது அரண்மனைப் பிரசங்கியார் மூன்று மணி நேரம் செய்து அச்சிட்ட அடக்கப் பிரசங்கத்தில் உள்ளது. கூட்டத்தில் படிக்க நான் எழுதிவைத்திருந்த தமிழ்க் கட்டுரை முழுவதும் அதன் மொழிபெயர்ப்புத்தான். இன்னொன்று, சுரங்கக் கிராமத்துப் பாதிரி ஒருவர் கையால் எழுதிவைத்த சபைப் புத்தகத்தில் உள்ளது. அந்த ஊர்ப் புத்தகசாலையில் ஒரு கிழவர் தூசி தட்டி என் கையில் கொடுத்தார். அதைப் படித்தேன், பிரதியும் எடுத்தேன், கட்டுரையில் மட்டும் சேர்க்கவில்லை. பக்தி விருத்திக்கு உதவாது என்று பெரிய பாதிரியார் சொன்னார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

கூட்டம் மூன்றாம் நாள் பிற்பகலில், முதல் ஷிஃப்ட் முடிந்ததும், அந்தத் தகரக் கொட்டகையிலேயே நடந்தது. இருட்டுக்காக ஜன்னலுக்கெல்லாம் கோணி கட்டியிருந்தார்கள். மேலே வெயில், நடுவில் விளக்கின் சூடு, சுற்றிலும் நானூறு பேர். ஒரே ஒரு நாற்காலியில் துரை. சிவந்த முகம், பெரிய கைகள், பிரியமான சிரிப்பு. நான் ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் சொல்லிவிட்டு அவருக்காக இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் சொல்வதாக ஏற்பாடு.

பிரபு தொட்டிலில். பிரபு பதினேழு வயதில் குதிரைமேல், வெனிஸுக்கும் பாரீஸுக்கும் உலக அனுபவம் பெறப் புறப்படுகிறார். போனது மூன்று வருஷம். திரும்பிவந்தபோது பொய்முடித் தொப்பிகள் ஒரு வண்டி, இத்தாலியப் பாட்டுக்காரி ஒருத்தி, பிரசங்கியார் 'சரீர பலவீனம்' என்று குறிப்பிடும் ஒரு வியாதி. கடைசி இரண்டையும் நான் விட்டுவிட்டேன். அடுத்த படத்தில் அவர் தகப்பனார் அளவுக்குமீறிச் சாப்பிட்டுச் செத்துப்போகிறார், இவர் பட்டத்துக்கு வருகிறார். உடனே அரண்மனை கட்டத் தொடங்குகிறார். பிரான்ஸ் தேசத்து ராஜா கண்ணாடி மண்டபம் வைத்திருந்தால் இவருக்கும் ஒன்று வேண்டும். ராஜ்யம் என்னவோ நம் ஊர்த் தாலுகா அளவுதான். அந்த மண்டபத்தில் நான் நின்றிருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாமே தெரிவோம். ஐந்து நிமிஷத்துக்குமேல் யாரும் அங்கே இருக்கமுடியாது. அவர் நாற்பது வருஷம் இருந்தார்.

ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தது நீரூற்றுப் படத்தைத்தான். ஆள் உயரத்துக்குப் பத்து மடங்கு மேலே தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது.

"அவ்ளோ உசரம் தண்ணி ஏத்தறதுக்குப் பம்பு ஏது வாத்தியாரே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"அதான? சொரங்கத்துப் பம்ப எடுத்துட்டா வந்துட்டாரு?" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுரங்கத்துப் பம்புதான். கீழே தண்ணீர் இறைக்க வைத்திருந்த இயந்திரத்தைக் கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று சபைப் புத்தகத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் அந்தத் தோட்டத்தில் எத்தனை பேரோடு நடந்திருக்கிறேன், ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. கீழே தண்ணீரில் நின்று வேலை செய்தவனுக்குத்தான் அது தோன்றும். நான் காதில் விழாதவன்போல அடுத்த படத்தைப் போட்டேன்.

பிரபுவின் தலை போட்ட வெள்ளிக் காசு. பிரபு வேட்டையில். பிரபு அயல்நாட்டு ராஜாவின் யுத்தத்துக்குத் தம் சிப்பாய்களை வாடகைக்கு அனுப்புகிறார். பிரபு அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி கட்டுகிறார். அந்தப் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள் என்று யோசித்தால் இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். பிறகு பிரபுவின் கல்யாணம். சுரங்கக்காரர்கள் வெள்ளைச் சட்டையும் பச்சைத் தொப்பியும் போட்டு, தோளில் கோடாலியோடு, ஆயிரக்கணக்கில் அணிவகுத்துப் போகிறார்கள். அந்த உடுப்பை அவரவர் சொந்தச் செலவில் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. அதையும் நான் சொல்லவில்லை.

பத்தொன்பதாவது படம். மூடிய ஷாஃப்ட் வாசலில் ஒரு சின்ன ஜெபவீடு, அதன்மேல் சிலுவை. பிரபு முழங்கால் போட்டிருக்கிறார். சுற்றிலும் கறுப்பு உடுத்த பெண்கள். ஒருத்தி அவர் அங்கியின் ஓரத்தை முத்தமிடுகிறாள். சுரங்கம் இடிந்து பலர் உள்ளே அகப்பட்டார்கள், பிரபு கண்ணீரோடு அந்த இடத்தைப் பரிசுத்தமாக்கி மூடினார் என்று பிரசங்கத்தில் இருந்தபடியே படித்தேன்.

மில் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆசீர்வாதம் எழுந்து நின்றார். அன்றைக்கு அவர் கத்தவில்லை.

"உள்ள இருந்தவங்கள எடுத்தாங்களா, வாத்தியாரே?"

முதல் வரிசைக்குப் பக்கத்தில் ஞானம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நாலடி தள்ளித் துரை. துரையின் கண்கள் படத்திலேயே இருந்தன, மனிதர் உருகிப்போயிருந்தார். கொட்டகை கிடைத்துவிட்டது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எடுக்கலை," என்றேன். "ஆனா அந்தப் பெண்டுகள் எல்லாரும் கர்த்தருடைய சித்தம்னு ஏத்துக்கிட்டு, பிரபுவுக்கு நன்றி சொன்னாங்க." அதையே துரைக்காக இங்கிலீஷிலும் சொன்னேன்.

மீதி ஐந்து படங்களை எப்படிக் காட்டினேன் என்று ஞாபகமில்லை. கடைசியில் பிரபு கால் அழுகிச் செத்தார். சவப்பெட்டிக்கு வெள்ளித் தகடு அடித்திருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் துரை என்னைப் பங்களாவுக்கு அழைத்துப்போய் டீ கொடுத்தார். கொட்டகையை எடுத்துக்கொள்ளலாம், பெஞ்சு செய்ய மரமும் தருகிறேன் என்றார். நன்றி சொன்னேன். பிறகு ஞானம்மாளின் விஷயத்தைச் சொன்னேன். பில்லை மாறியதைச் சொன்னேன், தானியேல் தானே ஒப்புக்கொள்வதையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. இங்கே நான் பொய் சொல்லவில்லை என்பதைப் படிக்கிறவர்கள் கவனிக்கவேண்டும். எனக்கு ஆறுதலாக இருப்பது இது ஒன்றுதான்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தத் தம்பி சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனைப் போலீசில் ஒப்படைக்கவேண்டி வரும். என் புத்தகத்தின்படி கீழே யாரும் இல்லை."

"ஐயா, அவள் கணவன் கீழேதான் இருக்கிறான்."

"இருக்கலாம். அந்த லெவலைத் திறந்தால் இன்னும் நாலுபேர் சாவார்கள். திறக்கப் போனாலே நான் ஒரு ஆளை மறைத்தேன் என்றாகும்." கோப்பையை மறுபடியும் எடுத்து ஒரு வாய் குடித்தார். "என் தகப்பனாரும் எங்கள் ஊர்த் தகரச் சுரங்கத்தில்தான் செத்தார். உடலை எடுக்கவில்லை. மேலே ஒரு கல் நட்டார்கள். அம்மா அதற்குப் பூ வைப்பாள். இன்றைக்கு உங்கள் படத்தைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. உங்கள் பிரபு செய்ததையே நானும் செய்கிறேன். அந்த லெவலுக்கு மேலே தரையில் ஒரு சிலுவை நட்டுக்கொள்ளட்டும். நீங்களே ஜெபம் செய்யுங்கள். அந்தப் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள், இவளும் ஏற்றுக்கொள்வாள்."

என் கையில் டீ ஆறிப்போயிருந்தது.

"ஒன்று மட்டும்," என்றார். "சிலுவையில் பெயர் எழுதக்கூடாது. எழுதினால் பிடுங்கச் சொல்லிவிடுவேன்."

"உங்கள் தகப்பனார் கல்லில் பெயர் இருந்ததா, ஐயா?"

"இருந்தது. அங்கே புத்தகத்திலும் இருந்தது." அவர் வேண்டுமென்று கடுமையாகச் சொல்லவில்லை. நல்லவிதமாகத்தான் சொன்னார், வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

இதை ஞானம்மாளிடம் நான்தான் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. அவள் முழுவதும் கேட்டாள். "சிலுவ வாணாங்கய்யா. ஆளு வேணும்," என்றாள். தானியேல் சுவரோரம் குந்தி முகத்தைக் கம்பளிக்குள் மறைத்துக்கொண்டான். போலீஸ் என்ற வார்த்தை ஆசீர்வாதத்தையும் பயமுறுத்திவிட்டது. கடைசியில் அவர்தான், "இதாவது இருக்கட்டும் தாயி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சிலுவை நட்டார்கள். கீழே முட்டுக் கொடுக்கிற மரத்திலேயே ஆசீர்வாதம் இழைத்துச் செய்திருந்தார். கல்லும் முள்ளுமான வெற்றுத் தரை. ஐந்நூறு அடிக்குக் கீழே சாலமோன். காவல்காரன் ஒருவன் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் வசனம் வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஸ்டாம்ப் மில் அன்றைக்கும் இடித்துக்கொண்டிருந்தது; அதற்கு ஓய்வுநாள் கிடையாது.

எல்லாரும் போனபிறகு ஞானம்மாள் மட்டும் நின்றாள். நான் பைபிளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"வாத்தியாரய்யா, அந்தச் சீமப் பொம்பளைங்க மெய்யாலுமே நன்றி சொன்னாங்களா?"

இன்னொரு தடவை பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். இடிந்தது கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால். அந்தப் பெண்கள் பிள்ளைகளோடு அரண்மனை வாசலில் மூன்று நாள் நின்று, தோண்டு தோண்டு என்று கத்தினார்கள். தோண்ட ஆள் விட்டால் அணிவகுப்புக்கு ஆள் குறையும். வேட்டை நாய்களை அவிழ்த்துவிட்டு அவர்களைத் துரத்தினார்கள். ஷாஃப்டைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஜெபவீடும் முழங்காலும் எல்லாம் பிறகு ஓவியக்காரன் போட்டது.

அவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ரொம்ப நாள் கழித்து மூச்சு விட்டவள்போல இருந்தாள்.

"அதான பாத்தேன்," என்றாள். "எவ சொல்லுவா நன்றி? அன்னிக்கி அங்க இருட்டுல குந்திகினு எனக்கு அதான் ஆறல. என்னமாதிரி ஒருத்திகூடவா இல்லாம பூட்டான்னு." பிறகு, "இத்த அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா துரை காதுலயும் உழுந்திருக்கும்," என்றாள்.

பைபிளைச் சுற்றிய துணியின் முடிச்சை இறுக்கினேன்.

"இத்தெல்லாம் உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"அந்த ஊர்ப் பாதிரி ஒருத்தர் எழுதி வச்சிருந்தார். செத்தவங்க பெயரை எங்கேயும் எழுதக்கூடாதுன்னு பிரபு உத்தரவு. அவர் எல்லார் பெயரையும் வரிசையா எழுதிட்டார்."

"அவர இன்னா பண்ணாங்க?"

"வேலையிலிருந்து எடுத்துட்டாங்க."

அவள் மடியிலிருந்து ஒரு நீள ஆணியை எடுத்தாள். சிலுவை அடித்தபோது கீழே விழுந்ததாக இருக்கவேண்டும். "எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்க எழுதுங்க. சின்னதா எழுதுங்க. பின்னால எழுதினா யாரும் பாக்கமாட்டாங்க. சாலமோன்னு நாலு எழுத்துத்தான."

ஆணியை வாங்கிக்கொண்டேன். மரம் பச்சை மரம், இலேசாகக் கீறினாலே போதும். காவல்காரன் அந்தப் பக்கம் திரும்பி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலாகத் தூரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை வெயிலில் மின்னியது. ஜன்னல் கோணிகளைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

"ரயிலுக்கு நேரமாயிட்டுது, அம்மா," என்று சொல்லி ஆணியை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேகமாக நடந்தேன்.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.